பெரியவர் துணையுடன் செய்க

அந்த மாடிப்படியை விட்டிறங்கி இரண்டு தெரு தாண்டிய பிறகுதான் மகள் வாயைத் திறந்தாள்.

"மெதுவா போ நைனா. யாரும் தொரத்தல."

நான் நின்றேன். எனக்கு எப்போதும் இந்த நடைதான். ஓர் இடத்தை விட்டுக் கிளம்பிவிட்டால் திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடப்பேன். சூரத்திலிருந்தும் கொச்சியிலிருந்தும் விசாகப்பட்டினத்திலிருந்தும் இப்படித்தான் கிளம்பினேன். கூட ஆள் வந்து பழக்கமில்லை. மகளுக்குப் பன்னிரண்டு வயது, வீசிங் உள்ள பிள்ளை. மூடிக் கிடந்த ஒரு கடையின் ஷட்டரில் சாய்ந்து, பையிலிருந்து மூச்சு மருந்துப் பம்பை எடுத்துக் குலுக்கி, வாயில் வைத்து அடித்தாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்த நேரத்தில் அவளால் பேச முடியாது என்பதால் நானும் பேசவில்லை. துறைமுகத்துக்குள் போக வேண்டிய கன்டெய்னர் லாரிகள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. ஒரு டிரைவர் வண்டிக்கு அடியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

நாங்கள் அங்கே போனது அவளுக்கு அறிவியல் பாடப் புத்தகம் தேர்ந்தெடுக்க. ராயபுரத்தில் ஓர் இரும்புச் சாமான் மொத்தக் கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். கீழே கணவர் கடையைப் பார்த்துக்கொள்கிறார். மேலே அவர் மனைவி, பள்ளிக்கூடம் போக முடியாத பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே படிக்க வழி சொல்லிக்கொடுக்கிறார். என் மனைவி ஓர் ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கும் வேலை செய்கிறாள். அங்கே மருந்து கட்ட வந்த யாரோ இந்த அம்மாவைப் பற்றிச் சொன்னார்களாம்.

மற்ற பாடங்களில் தொந்தரவில்லை. தமிழை அவளே படித்துக்கொள்வாள். கணக்கும் இங்கிலீஷும் எங்கள் தெருவில் டியூஷன் எடுக்கும் பெண்ணிடம் போய்விடும். அறிவியல்தான் நின்றுபோயிருந்தது. போன வருடம் என் மனைவி பழைய பேப்பர் கடையிலிருந்து ஒரு கட்டுப் புத்தகம் எடை போட்டு வாங்கி வந்தாள். அதில் முதல் பருவம் பழைய பாடத்திட்டம், மூன்றாம் பருவம் புதியது, இரண்டாம் பருவம் இல்லவே இல்லை. மகள் அந்த வருடம் முழுவதும் அதைத்தான் படித்தாள். அவளுக்கு ஆரம்பமும் தெரியும், முடிவும் தெரியும்.

அந்த அம்மா ஒரு மேஜையில் மூன்று விதமாக எடுத்து வைத்தார். ஒன்று பெட்டி. கெட்டி அட்டைப் பெட்டியைத் திறந்தால் காந்தம், லென்ஸ், சின்ன பல்பு, வயர், தெர்மாமீட்டர், நீலமும் சிவப்புமாகக் காகிதத் துண்டுகள், கூடவே இங்கிலீஷில் பளபளவென்று புத்தகம். இரண்டாவது சென்ட்ரல் போர்டுப் புத்தகம். மூன்றாவது நம் அரசாங்கப் புத்தகம், தமிழில்.

எனக்கு அந்தப் பெட்டி பிடித்திருந்தது. மறைக்க ஒன்றுமில்லை. லென்ஸை எடுத்து என் கட்டை விரலைப் பார்த்தேன். தோலில் இருந்த வெடிப்புகளில் கப்பல் பெயின்ட் இன்னும் சிவப்பாக இருந்தது. மகள் அரசாங்கப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, எது எடுத்தாலும் சரிதான்" என்றார் அந்த அம்மா. "பிள்ளை நல்லாப் படிக்கும், பாத்தாலே தெரியுது. ஆனா பாதியில மாத்தாதீங்க. எட்டாவது தனித்தேர்வு எழுதி, ஒம்பதாவதுல ஸ்கூல்ல போய் உக்காரணும்னா ஒரே தடத்துல போகணும். அப்பறம் இன்னொண்ணு. பகல்ல வீட்டுல யாரு இருப்பா?"

"அவ இருப்பா" என்றேன்.

"அவ இருப்பா, சரி. கூட யாரு?"

நான் லென்ஸைப் பெட்டிக்குள் வைத்தேன்.

"பக்கத்து வூட்டு அக்கா" என்றாள் மகள்.

பக்கத்து வீட்டில் அக்கா யாரும் இல்லை. அந்த வீட்டில் பீகார்ப் பையன்கள் தங்கியிருக்கிறார்கள், அவர்களும் பகலில் வேலைக்குப் போய்விடுவார்கள். அந்த அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். யோசித்துச் சொல்லுங்கள், சீக்கிரம் சொல்லுங்கள் என்றார். வெல்லம் போட்ட கேழ்வரகு உருண்டை ஒன்றை மகள் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் அந்த மாடிப்படி, இரண்டு தெரு, ஷட்டர்.

மகள் மூச்சை விட்டாள். "அந்த டப்பால கீறதெல்லாம் ஒரு தபா பண்ணா தீந்துடும் நைனா. அப்பறம் இன்னா பண்றது?"

"காந்தம் தீராது."

"காந்தத்த வச்சிகினு எட்டாவது எழுத முடியுமா?"

ஒன்பதாவதில் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் அவள் வயதுப் பெண்கள் காலையில் சேர்ந்து போவார்கள். சத்தமாகப் பேசிக்கொண்டு போவார்கள். அவள் ஜன்னலில் நிற்பாள். இரண்டு வருடமாக அப்படித்தான். அவள் படித்த பள்ளி லாரி போகும் சாலையை ஒட்டியது. வகுப்பில் உட்கார்ந்தால் மதியத்துக்குள் இழுக்க ஆரம்பித்துவிடும். மாதத்தில் பாதி நாள் வரவில்லை. பிறகு முக்கால் மாதம். டீச்சர் நல்லவர்தான். பேரு ரிஜிஸ்டர்ல இருக்குது, பொண்ணு இல்லையே என்றார். மருந்து சரியாக எடுத்து, உடம்பு கொஞ்சம் வளர்ந்தால் மூச்சும் தேறும், அதுவரை வீட்டில் வைத்துப் படிக்க வையுங்கள் என்று டாக்டர் சொன்னார். அதுவரை என்பது எதுவரை என்று நான் கேட்கவில்லை. அப்போது நான் கொச்சியில் இருந்தேன். இதையெல்லாம் போனில் கேட்டதுதான்.

நான் படித்தது ஏழாவது வரை. அறிவியல் வகுப்பில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. உள்ளே குடுவைகள். சாவி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன வாத்தியாரிடம் இருந்ததால் அதை யாரும் திறந்து நான் பார்த்ததில்லை. ஏழாவது முடியும் முன் ஒரு மீன் லாரியில் ஏறி ஆந்திரா போய்விட்டேன். யாரும் அடிக்கவில்லை, துரத்தவில்லை. லாரி போனது, ஏறினேன். அதன் பிறகு எல்லா ஊரிலும் கொஞ்ச நாள். கப்பலில் துரு சுரண்டியிருக்கிறேன், பெயின்ட் அடித்திருக்கிறேன், எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கிக் கழுவியிருக்கிறேன்.

போன் அடித்தது. கூட வேலை பார்த்த தோஸ்து. குஜராத் பக்கம் ஒரு துறைமுகத்தில் தொட்டி கழுவும் கான்ட்ராக்ட், ரயிலுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தான். நான் வருவதாகச் சொல்லியிருந்தேன். மனைவிக்குத் தெரியும். மகளிடம் சொல்லவில்லை. போனை எடுக்காமல் பாக்கெட்டில் போட்டேன்.

"குஜராத்தா?" என்றாள் மகள்.

"ம்."

அவள் உருண்டையைக் கடித்தாள்.

வீட்டுக்குப் போவதென்றால் வடக்கே போக வேண்டும். நாங்கள் மேற்கே நடந்தோம். மூலக்கொத்தளத்தில் சுடுகாட்டுச் சுவரைத் தாண்டி ஒரு பழைய பேப்பர் கடை இருக்கிறது. எங்கள் பக்கத்தில் படிப்புக்குப் புத்தகம் வேண்டுமென்றால் அங்கேதான் போவார்கள். பள்ளியில் பெயர் உள்ள பிள்ளைகளுக்குப் புத்தகம் இலவசம். பரீட்சை முடிந்த சாயங்காலமே அந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து எடைக்குப் போட்டு ஐஸ் வாங்கித் தின்பார்கள். அதனால் இப்போது, மே மாதத்தில், மேலாக இருப்பது புதியது, அடியில் போகப் போகப் பழையது. போன வருடம் என் மனைவி மழைக்காலத்தில் போனதால் கட்டின் நடுவிலிருந்து உருவிக் கொடுத்துவிட்டார்கள்.

கடைக்காரர் பனியனோடு தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னை விடப் பெரியவர்.

"இன்னா மாமு, போடவா, எடுக்கவா?"

"எடுக்க. ஏழாவது, எட்டாவது அறிவியல்."

"அறிவியலா? குந்து. கிலோ கணக்குதான், தெரியும்ல? அறிவியலும் அதே வெயிட்டு, கல்யாணப் பத்திரிகையும் அதே வெயிட்டு. அறிவுக்குன்னு தனி ரேட்டு கெடையாது." மகளைப் பார்த்தார். "பாப்பாக்கா? ஸ்கூல்ல குடுக்கலியா?"

"வூட்ல பட்ச்சிகினு கீறேன்" என்றாள்.

"அட, அது பேஜாரு இல்லாத வேல. எனக்கும் அப்டி உட்ருந்தா நானும் பட்ச்சிருப்பேன்." அவர் மேலேயிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, கண்ணுக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார். "'காற்றுக்கு நிறமில்லை, மணமில்லை.' எந்த ஊரு மாமு நீங்க?"

"எர்ணாவூர்."

"அப்ப இத்த எழுதினவன் உங்க பக்கம் வந்ததே இல்ல."

மகள் சிரித்தாள். காலையிலிருந்து அப்போதுதான். எங்கள் வீட்டில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை வாசனையை வைத்துத்தான் சொல்வோம். மண்ணெண்ணெய் வாடை என்றால் ஒரு ஜன்னலைச் சாத்துவோம், சாம்பல் என்றால் இன்னொன்றை. மகள் தூசிக்காகக் கைக்குட்டையை மூக்கோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒரு பேப்பர்க் கட்டின் மேல் உட்கார்ந்து, எடுத்துப் போட்ட புத்தகங்களைப் பார்க்க ஆரம்பித்தாள்.

அவள் பார்த்த விதம் எனக்குப் புரியவில்லை. அட்டையைப் பார்க்கவில்லை, பாடத் தலைப்பைப் பார்க்கவில்லை. வேகமாகப் புரட்டிக்கொண்டே போய், பக்கத்தில் கட்டம் கட்டியிருக்கும் இடத்தில் மட்டும் நிறுத்தி, விரல் வைத்து, மறுபடி புரட்டினாள். அரசாங்கப் புத்தகத்தை ஒரு பக்கம் வைத்தாள். சென்ட்ரல் போர்டுப் புத்தகம் ஒன்று கிடைத்தது, அதை அதன் மேல் வைத்தாள். கடைசியில் ஒரு கைடை எடுத்தாள். கேள்வியும் பதிலும் மட்டும் அச்சடித்த மெலிந்த புத்தகம். அதைப் புரட்டவே இல்லை. மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது போதும் நைனா."

"அது கைடு."

"ஆமா. எட்டாவது பரீட்சைக்கு இத்த பட்ச்சா போதும். டியூஷன் அக்காவே சொல்லிச்சு."

"புக்கு?"

"புக்குல ஆளு வேணும்."

"இன்னா ஆளு?"

அவள் அரசாங்கப் புத்தகத்தைத் திறந்து என்னிடம் காட்டினாள். பாடத்துக்கு நடுவே கட்டம். செயல்பாடு என்று தலைப்பு. தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றி, கண்ணாடி டம்ளரால் மூடச் சொல்லியிருந்தது. தண்ணீர் என்ன ஆகிறது என்று பார்க்கச் சொல்லியிருந்தது. கீழே சின்ன எழுத்தில்: பெரியவர் துணையுடன் செய்க. அவள் இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். அங்கேயும். இன்னொன்று. சில இடங்களில் ஆசிரியர் உதவியுடன் என்று இருந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படிப்பவன் அல்ல, ஆனால் மெதுவாகத்தான் படிப்பேன். அவள் காத்திருந்தாள்.

"போன வருசம் இன்னா பண்ண?" என்றேன்.

"பக்கத்தத் திருப்பிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"இல்ல. வெதய துணில கட்டி வக்கிறது, அது பண்ணேன். நெழல அளக்கிறது பண்ணேன். தீ வக்கிறது, வெந்நீர், கத்தில அறுக்கிறது, அதெல்லாம் திருப்பிட்டேன். அம்மா தீப்பெட்டிய மேல வச்சிட்டுப் போவுது. நான் ஒண்டியா கீறப்ப பொக வந்து இழுத்துகிச்சின்னா யாரு பாக்கிறது?"

குறையாகச் சொல்லவில்லை. பஸ் எந்த வழியாகப் போகும் என்று சொல்வதைப் போலத்தான் சொன்னாள். சென்ட்ரல் போர்டுப் புத்தகத்திலும் கட்டங்கள் இருக்கின்றன, ஆனால் ஆள் வேண்டியவை கொஞ்சம் குறைவு, அதனால் அதை மேலே வைத்தாளாம். கைடைப் பிரித்துக் காட்டினாள், அதில் ஒன்றுகூட இல்லை. மெழுகுவர்த்தி அணைந்தது என்று கைடிலேயே போட்டிருந்தது. டம்ளருக்குள் தண்ணீர் ஏறியது என்றும் போட்டிருந்தது. பார்க்க வேண்டியதில்லை, எழுதினால் போதும்.

ராயபுரத்து மேஜையில் அந்தப் புத்தகத்தை ஏன் அவ்வளவு நேரம் புரட்டினாள் என்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது. ஒன்றும் தோன்றாத மாதிரிதான் இருந்தது. எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கி அரை மணி நேரமானால் வாடை தெரியாமல் போகும். அப்போதுதான் மேலே ஏறிவிட வேண்டும் என்பார்கள்.

அவள் மடியிலிருந்து கைடை எடுத்துக் கட்டின் மேல் வைத்தேன். "இது வேணாம்."

"ஏன்?"

"வேணாம்னா வேணாம். கெவர்மென்ட் புக்கு எடு. ஏழாவது மூணு பருவமும் கீதா பாரு. அப்டியே எட்டாவதும்."

அவள் எடுக்கவில்லை. கைக்குட்டைக்கு மேல் கண் மட்டும் தெரிந்தது.

"நீ இருப்பியா?"

நான் கடைக்காரர் பக்கம் திரும்பி எடை போடச் சொன்னேன். அவர் சணலை அறுத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். புத்தகங்களைத் தராசில் வைத்து, முள்ளைப் பார்த்து, கட்டி முடித்தார். பிறகு அந்தக் கைடை எடுத்து மகள் கையில் கொடுத்தார்.

"இது சும்மா. வெச்சிக்க பாப்பா. உங்க நைனா மூஞ்சப் பாத்தா ஓடுகாலி மூஞ்சாக் கீது. இதுவும் ஒரு பக்கம் இருக்கட்டும்."

"அதெல்லாம் இல்ல" என்றேன்.

"நான் இன்னா சொல்ட்டேன் மாமு? இருக்கட்டும்னுதான சொன்னேன்."

மகள் கைடை மடித்துத் தன் பைக்குள், பம்பு இருக்கும் அறையில் வைத்துக்கொண்டாள். மற்ற கட்டை நான் தூக்கினேன். பேசின் பிரிட்ஜ் பக்கம் நடந்து வந்து பஸ் பிடித்தோம். மின்சாரம் போனதால் பாதி வழியில் சிக்னல் வேலை செய்யவில்லை. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிவிட்டாள். புத்தகக் கட்டு என் காலடியில் இருந்தது. திருவொற்றியூர் வரும் வரை போன் இரண்டு மூன்று முறை அடித்தது. எர்ணாவூரில் இறங்கியதும் தோஸ்தைக் கூப்பிட்டு நான் வரவில்லை என்றேன். இன்னா மாமு, கடைசி நேரத்துல கலீஜ் பண்ற என்றான். இன்னும் கொஞ்சம் திட்டினான். வைத்துவிட்டான்.

பிறகு ராயபுரத்து அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அரசாங்கப் புத்தகம்தாம்மா."

"நல்லதுண்ணே. தனித்தேர்வுக்கு அதான் தடம். வாரத்துக்கு ஒருக்கா கூட்டிட்டு வாங்க, நான் கேள்வி கேட்டுப் பாத்துக்கிடுதேன். கூட யாரு, அந்த அக்காதானா?"

"இல்ல. நான்தான்."

"சரிண்ணே" என்றார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு மனைவி வந்தாள். கை கால் கழுவிவிட்டுக் கட்டைப் பார்த்தாள். புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இந்த முறை பருவம் வரிசையாக இருக்கிறதா என்று பார்த்தாள்.

"எப்ப கெளம்புற?"

"போவல."

"எத்தினி நாளைக்குப் போவல?"

அவளுக்கு அப்படிக் கேட்க உரிமை உண்டு. நான் எத்தனையோ தடவை போவல என்று சொல்லியிருக்கிறேன். மகள் உள்ளே கைக்குட்டைகளை அலசிக்கொண்டிருந்தாள். தண்ணீர் சத்தம் நின்றது.

"எட்டாவது எழுதற வரிக்கும்" என்றேன்.

மறுபடி தண்ணீர் சத்தம் கேட்டது.

"சோத்துக்கு?" என்றாள் மனைவி. "நீ வூட்ல குந்திகினு மெழுகுவர்த்தி ஏத்தினா என் ஒருத்தி சம்பளம் பத்துமா? பகல்ல வூட்ல இருக்கிற மாதிரி எவன் வேல வச்சிருக்கான்?"

அப்படி ஒரு வேலை இருந்தது. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தெருமுனையில் இருக்கும் லாரி டிரைவர் என்னைப் பல நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அனல்மின் நிலையத்துச் சாம்பலில் செங்கல் அறுக்கும் ஒரு பட்டறை, ஊருக்கு வெளியே. அங்கே சாம்பலை வாரிக் கொட்டும் வேலை விடிவதற்கு முன் தொடங்கும், கடல்காற்று எழும்புவதற்குள் முடியும். காற்று எழுந்துவிட்டால் சாம்பல் பறக்கும், வாரவும் முடியாது, அக்கம்பக்கத்தில் சண்டைக்கு வருவார்கள். அதனால் மதியத்துக்கு முன் ஆட்களை அனுப்பிவிடுவார்கள். இந்தப் பக்கத்தில் மதியத்தோடு முடியும் வேலை எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

"சாம்பலா?" என்றாள் மனைவி.

"ம்."

அவள் உள்ளே பார்த்தாள். மகள் கைக்குட்டைகளைக் கொடியில் வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தத் துணியோட வாசப்படி மிதிக்காத. தெருக் கொழாய்லயே தலையோட குளிச்சிட்டு வா. துணிய அங்கியே நனச்சிப் போடு."

"சரி."

"தலமுடிய ஒட்ட வெட்டிக்க. அதுல தங்கும்."

"சரி."

பிறகு அவள் எழுந்து, அடுப்பு மேடைக்கு மேலே பலகையில் இருந்த தீப்பெட்டியை எடுத்து, கீழே அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். சோறு போட்டாள். சாப்பிட்டோம்.

மறுநாள் இருட்டோடு டிரைவருடன் லாரியில் போனேன். பட்டறையில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். எல்லோரும் தலையிலும் முகத்திலும் துண்டு சுற்றியிருந்ததால் யார் எந்த ஊர் என்று தெரியவில்லை. மேஸ்திரி டார்ச் அடித்து என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னா பட்ச்சிருக்க?"

"ஏழாவது."

"எங்க வேல பாத்த?"

"அங்க இங்க."

"இங்க எத்தினி நாளு இருப்ப?"

"ரெண்டு வருசம்."

அவர் சிரித்தார். பக்கத்தில் நின்றவனிடம், இவன் இன்னாடா ரெண்டு வருசம்ங்கிறான் என்றார். ஒரு ஈரச் சாக்கும் மண்வெட்டியும் சட்டியும் கொடுத்தார். சாக்கை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார், காய்ந்தால் அதோ அந்தத் தொட்டியில் நனைத்துக்கொள்ள வேண்டும். சாம்பல் குவியல் என் உயரத்துக்கு மேல் இருந்தது. வெளிச்சம் வர வர அது வெள்ளையும் இல்லாமல் கறுப்பும் இல்லாமல் தெரிந்தது. முதல் சட்டியை வாரியபோது சத்தமே வரவில்லை, மாவு மாதிரி இறங்கியது. காற்று அசையவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் இங்கே கடல்காற்று எப்போது எழும்பும் என்று கேட்டேன். வெயில் ஏறினதும் வந்துடும், நீ வார்ரதப் பாரு என்றார். நான் வாரினேன்.